காற்றில்லாத பொலிஸ் கார்

அத்தியாயம் ஆறு

காரில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி உடையவில்லை. பின்பக்கப் பெட்டியில் இருந்த எதையும் யாரும் தொடவில்லை. ஐந்து வியாழக்கிழமைகளில், செவன் கிங்ஸ் தெருவொன்றில் முப்பத்தெட்டாம் இலக்க வீட்டு வாசலில் நின்ற பொலிஸ் காரிலிருந்து களவு போனது ஒன்றே ஒன்றுதான்.

டயர்களில் இருந்த காற்று.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செல்வமலர் அந்தக் காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். ஐம்பத்துநான்கு வயது. வாகன இன்சூரன்ஸ் கம்பனியொன்றில் இருபது வருடம் பொய் விபத்துகளைப் பிரித்து மேய்ந்துவிட்டு, இப்போது இல்போர்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நின்றவன் மாதவன். ஈரோட்டுக்காரன். ஐ.டி. வேலை போன பிறகு அவளுடைய கம்ப்யூட்டரைத் திருத்த வந்தவன், திருத்தி முடித்தும் போகவில்லை. நான்கு வருடமாகிறது.

காரின் பொறுப்பாளர் கான்ஸ்டபிள் யனுஷன். முப்பது வயது. நான்கு வயதில் பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, பொலிஸார் தங்கள் காரை வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சோதனைத் திட்டம் வந்தபோது, இந்தப் பகுதியில் முதலாவதாகப் பெயர் கொடுத்தவன் அவன்தான். அதன் நன்மைகளை விரல்விட்டுச் சொன்னான். முன்பு வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வீடு வர ஒன்றரை மணி நேரமாகும். இப்போது இருபது நிமிடம். அவசர அழைப்பு வந்தால் வீட்டு வாசலிலிருந்தே புறப்படலாம். கார் வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் ஒரு வீடும் உடைக்கப்படவில்லை.

தீமைகளைச் செல்வமலர் கேட்டபோது அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, இங்கே ஒரு பொலிஸ்காரன் இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான் என்றான்.

பிரச்சினை திங்கட்கிழமை. அன்று திட்டத்தை மீளாய்வு செய்யும் கூட்டம். அதற்குள் காற்றைத் திறந்துவிடுகிறவர் யாரென்று தெரியாவிட்டால், அதிகாரிகள் வழக்குப் பதிந்து வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

"என்ர அயலட்டைச் சனத்தின்ர கதவை என்ர ஆக்களே தட்டிறது எனக்கு விருப்பமில்லை அன்ரி. நீங்கள் கண்டுபிடிச்சா நான் கதைச்சுத் தீர்த்துப்போடுவன்," என்றான் யனுஷன்.

செல்வமலர் முன்சக்கரத்தின் அருகே குந்தினாள். காற்று அடிக்கும் வாயில் இருந்த சின்னக் கறுப்பு மூடியைத் திருகினாள். இறுக்கமாக இருந்தது.

"இந்த மூடியைப் பூட்டினது நீங்களோ?"

இல்லை என்றான். ஒவ்வொரு தடவையும் காற்றுப் போயிருக்கும், மூடி மட்டும் பூட்டியபடியே இருக்கும். நான்கு சக்கரங்களிலும் அப்படித்தான்.

மாதவன் முதன்முறையாக வாயைத் திறந்தான். "மேடம், காத்தைத் திருடிட்டு மூடியைத் திருப்பி மாட்டிட்டுப் போற திருடனை இப்பதான் பார்க்குறேன். எங்க ஊர்ல கோயில் வாசல்ல விட்ட செருப்புக்கே இந்த மரியாதை கிடையாது."

வீட்டில் கமரா இருக்கிறதா என்று செல்வமலர் கேட்டாள். இல்லை என்றான் யனுஷன், உடனேயே. அப்போது மாடியில் குழந்தை அழுதது. அவனுடைய மனைவி தாரிணி யன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, அவனை உள்ளே வரும்படி கையால் காட்டினாள். கதவு மூடும்போது செல்வமலர் அழைப்பு மணியைப் பார்த்தாள். ஏதோ ஒரு பெட்டிக்கடையில் வாங்கிய சாதாரணப் பொத்தான். அதைச் சுற்றி, அதைவிடப் பெரிதான ஏதோ இருந்து கழற்றப்பட்ட இடம் நீள்சதுரமாக வெளிறித் தெரிந்தது. மேலேயும் கீழேயும் ஒவ்வொரு ஆணித்துளை.

அவள் அதை விரலால் ஒரு தரம் தடவிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பினாள்.

*

பொலிஸார் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஐந்து வியாழக்கிழமைகளும் யனுஷனுக்குப் பிற்பகல் ஷிப்ட். அவன் விடுமுறையில் இருந்த வியாழக்கிழமைகளில் கார் இதே இடத்தில் நின்றும் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே ஷிப்ட் அட்டவணையை உள்ளேயிருந்து யாரோ வெளியே கொடுக்கிறார்கள் என்பது அவர்களுடைய கணக்கு.

"அட்டவணை எதுக்கு?" என்றாள் செல்வமலர். "மாடியைப் பாருங்கோ, மாதவன்."

மாதவன் பார்த்தான். மாடி யன்னலில் தடித்த நீலத் திரை. பிற்பகல் ஷிப்ட் முடிந்து நள்ளிரவு தாண்டி வருகிறவன் அடுத்த நாள் காலை பத்து மணி வரையாவது தூங்குவான். திரை மூடியிருக்கும். விடுமுறை நாளில் குழந்தை எழுப்பிவிடும். திரை திறந்திருக்கும். திரை மூடியிருந்தால் ஆள் எட்டிப் பார்க்க மாட்டான், எழும்பிக் காற்றடித்துப் புறப்படவும் நிறைய நேரம் இருக்கும். இதை அறிய அட்டவணை தேவையில்லை. எதிர் வீட்டில் குடியிருந்தால் போதும்.

"அப்ப வியாழக்கிழமை?"

"குப்பை நாள்."

வியாழக்கிழமை காலை எல்லா வீட்டுக் குப்பைத் தொட்டிகளும் நடைபாதை ஓரம் வந்து வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் காருக்கும் இடையில் ஓர் ஆள் குந்தியிருந்தால், தொட்டியை இழுத்து வைக்கிறார் என்றுதான் தெருவில் போகிறவர்கள் நினைப்பார்கள்.

மூன்றாவது வியாழக்கிழமை காரில் ஒட்டப்பட்டிருந்த தாளின் படத்தை யனுஷன் அனுப்பியிருந்தான். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கையால் எழுதப்பட்ட ஒரே வரி. தயவுசெய்து இந்தக் காரை நம்பி இருக்க வேண்டாம். இதைப் பார்த்ததும் பொலிஸார் காரைக் கொண்டுபோய் பிரேக்கிலிருந்து எஞ்சின் வரை சோதித்தார்கள். காரில் ஏதோ சதி செய்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு விடுத்த மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"தயவுசெய்துன்னு ஆரம்பிக்கிற மிரட்டல்," என்றான் மாதவன். "கீழ 'இப்படிக்கு உண்மையுள்ள' போட மறந்துட்டான் போல."

செல்வமலர் படத்தைப் பெரிதாக்கினாள். ஓட்டுநருக்குச் சொல்வதென்றால் தாளை முன்கண்ணாடியில் அல்லவா ஒட்டுவார்கள். இது ஒட்டப்பட்டிருந்தது பின் யன்னலில், நடைபாதைப் பக்கம். வாசிக்க வேண்டியவர்கள் நடந்து போகிறவர்கள். அதாவது, இந்தத் தெருச் சனம்.

"உது மிரட்டலில்லை. புத்திமதி," என்றாள். "ஒண்டை நம்பிக் கெட்ட ஆள்தான் மற்றவைக்கு நம்பாதேங்கோ எண்டு சொல்லும்."

முப்பத்தெட்டுக்கு எதிரே மூன்று வீடுகள். ஒன்று திருத்த வேலைக்காக ஆளில்லாமல் கிடந்தது. ஒன்றில் பல்கலைக்கழக மாணவர்கள். வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவர்கள் எழும்பினால் அதுவே ஒரு மர்ம நாவல் என்றான் மாதவன். நடுவில் முப்பத்தொன்பதாம் இலக்கம். அங்கே யார் என்று கேட்க அவர்கள் முதலில் போனது யனுஷனின் பக்கத்து வீட்டுக்கு.

*

அந்த வீட்டுப் பிறின்சி, தெருவின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவள். ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியை. பிளேஸ்டோவில் இருந்தபோது இரண்டு தரம் வீடு உடைத்துத் தாலியைக்கூட விடாமல் கொண்டுபோனார்கள் என்றும், இங்கே வந்த பிறகு இந்தக் காரைப் பார்த்துத்தான் நிம்மதியாகத் தூங்குவதாகவும் சொன்னாள். காரை எடுக்கக் கூடாது என்று நாற்பது பேரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தாள்.

எதிர் வீட்டைப் பற்றிக் கேட்டதும் அவளுடைய குரல் இறங்கியது. குலசேகரம் அண்ணை, பாவம், தனி ஆள் என்றாள். பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடம் மெக்கானிக். மனுசி அஜித்தா போன பெப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு மனுஷன் வேலையையும் விட்டுவிட்டார்.

"யனுஷன் தம்பிதான் ஓடிப்போய் நெஞ்சை அமத்தினவர். காரிலை இருந்து நெஞ்சுக்குக் கரண்ட் குடுக்கிற மிசினையும் எடுத்துக்கொண்டு ஓடினவர். செத்தவீட்டிலை குலசேகரம் அண்ணை அவற்ரை கையைப் பிடிச்சு அழுதவர்," என்றாள் பிறின்சி. அதனால்தான் இந்தக் கார் தெருவில் நிற்க வேண்டும் என்பது அவளுடைய வாதம்.

அம்புலன்ஸ் வந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டாள் செல்வமலர். பார்த்தாளாம். அதற்கு முன்பும் ஒன்று பார்த்தாளாம். சமையலறையிலிருந்து தேநீருடன் முன்னறைக்கு வந்தபோது, குலசேகரம் இந்தப் பக்கத்திலிருந்து தன் வீட்டை நோக்கித் தெருவைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார். பனி கொட்டிக் கிடந்தது. காலில் ஒன்றுமில்லை. ஏன் இப்படி ஓடுகிறார் என்று யோசித்திருக்கிறாள். அம்புலன்ஸ் சத்தம் கேட்டது அதற்கு நெடுநேரம் கழித்துத்தான்.

வெளியே வந்ததும் மாதவன் தலையைச் சொறிந்தான். கார் உதவிய வீட்டுக்காரர் எதற்குக் காரின் காற்றைப் பிடுங்க வேண்டும் என்று கேட்டான்.

"அவர் ஓடினது எந்தப் பக்கம்?" என்றாள் செல்வமலர்.

மாதவன் தெருவைப் பார்த்தான். முப்பத்தெட்டுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே நாற்பது அடிகூட இருக்காது. அவனுக்கு வந்த பகிடி வாயிலேயே நின்றுவிட்டது.

*

குலசேகரம் கதவைத் திறந்தபோது கையில் துவாய் இருந்தது. நெடிய, மெலிந்த மனிதர். செல்வமலர் தன் பெயரையும் தொழிலையும் சொன்னாள். அவர் தெருவுக்கு அப்பால் நின்ற காரை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தான்," என்றார். "உள்ளுக்கு வாங்கோ."

முன்னறையில் இரண்டு கதிரைகள் யன்னலைப் பார்த்தபடி இருந்தன. ஒன்றில் அவர் உட்கார்ந்தார். மற்றதில் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. செல்வமலரும் மாதவனும் சோபாவில் இருந்தார்கள். ஏன் மூடிகளைத் திரும்பப் பூட்டினீர்கள் என்றுதான் செல்வமலர் முதலில் கேட்டாள். மூடாமல் விட்டால் தூசி போய் உள்ளே கெட்டுவிடும் என்றார், அது தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்து.

பிறகு மெதுவாகச் சொன்னார். அஜித்தா அன்று காலை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுத்தவள், பாலோடு விழுந்தாள். அவர் ரெலிபோனைக் கையில் எடுத்தார். யன்னலுக்கு வெளியே பொலிஸ் கார் நிற்பது தெரிந்தது. அதற்குள் நெஞ்சுக்கு மின்சாரம் கொடுக்கும் இயந்திரம் இருப்பதை யனுஷனே ஒருநாள் திறந்து காட்டியிருந்தான். ரெலிபோனை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். மணி அடித்தார். கதவைத் தட்டினார். கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. திரும்பி ஓடி வந்துதான் அம்புலன்ஸுக்கு அடித்தார்.

"தம்பி வீட்டுக்குப் பின்னாலை வளவுக்கை நிண்டவராம். கேக்கேல்லையாம். அவரிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை, தங்கச்சி. சைரன் கேட்ட உடனை ஓடி வந்தவர்தானே. அந்தக் கார் அதிலை நிக்காட்டி நான் முதலே போன் அடிச்சிருப்பன். கார் நிண்டபடியால் ஆள் இருக்குது எண்டு நினைச்சிட்டன்."

எவ்வளவு நேரம் அங்கே நின்றீர்கள் என்று செல்வமலர் கேட்டாள்.

"பத்து நிமிசம்," என்றார் குலசேகரம். "கூடவும் இருக்கும். அவள் இஞ்சை கிடக்கிறாள், நான் அங்கை பத்து நிமிசம் கதவுக்கு முன்னாலை நிக்கிறன். என்ன மனுசன் நான்."

ஜூலையில் தபாலில் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது என்றார். உங்கள் தெருவில் ஒரு பொலிஸ் கார், உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. கருத்துகளை எழுதி அனுப்பலாம் என்று கீழே ஒரு விலாசம். மூன்று தரம் எழுதினார். கார் நின்றால் ஆள் இருப்பதாக அர்த்தமில்லை, அதைச் சனத்துக்குச் சொல்லுங்கள் என்று. மூன்று தரமும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில். அதற்குப் பிறகுதான் காற்றைத் திறந்துவிடத் தொடங்கினார். டயர் தட்டையாக இருந்தால் சனம் அதை நம்பி ஓடாது. தொல்லை பொறுக்காமல் என்றாவது ஒருநாள் எடுத்துக்கொண்டும் போய்விடுவார்கள்.

"பிறின்சிக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு," என்றார். "நாளைக்கு அதுகளுக்கு ஒண்டெண்டால், அவளும் உந்தக் கதவுக்குத்தான் ஓடுவாள்."

மாதவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் ஒரு வீட்டிலிருந்து எழும்புவான். இம்முறை எழும்பும்போது குலசேகரத்தின் கையைப் பிடித்தான், விட்டான், அவ்வளவுதான்.

*

விஷயம் முடிந்துவிட்டதே, போய் அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றான் மாதவன் தெருவில். செல்வமலர் நகரவில்லை.

"பெப்ரவரி மாசம், பனி கொட்டின காலையிலை, பின்வளவுக்கை அவருக்கு என்ன வேலை?"

மாதவன் அவளைப் பார்த்தான்.

"ஐஞ்சு தரம் காத்துப் போன காரின்ர சொந்தக்காரர், வாசலிலை ஒரு கமரா பூட்டேல்லை. பொலிஸ்காரர். உங்கட வீட்டுக்காரன்கூட குப்பைத்தொட்டிக்குக் கமரா பூட்டியிருக்கிறான் எண்டு சொன்னனீங்கள். இவர் வாசலிலை முந்தி ஒண்டு இருந்திருக்குது. அந்த இடம் இன்னும் வெளிறிக் கிடக்குது. கழட்டியிருக்கிறார்."

யனுஷன் கதவைத் திறந்தபோது குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. செல்வமலர் குலசேகரத்தின் பெயரைச் சொன்னாள். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் வரவில்லை.

"உங்களுக்கு முதலே தெரியும்," என்றாள்.

குழந்தையைத் தாரிணியிடம் கொடுத்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். அந்தத் தாளில் இருந்த எழுத்தைப் பார்த்த அன்றே தெரியும் என்றான். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் நன்றி சொல்லி அனுப்பிய அட்டையிலும் அதே எழுத்துத்தான். மேலிடத்துக்குச் சொல்லவில்லை. வீடு வீடாக விசாரணை என்றதும் பயந்துபோனான். அவருடைய கதவைத் தட்டுகிறவர்கள் அவர் கதையைக் கேட்பார்கள். கதையைக் கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே நின்றான் என்றும் கேட்பார்கள். அவர் முகத்தைப் பார்த்துத் தானே கேட்கவும் துணிவில்லை, அதனால்தான் செல்வமலரைக் கூப்பிட்டான்.

"நான் வீட்டுக்கைதான் இருந்தனான்," என்றான்.

அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. கார் வந்த நாளிலிருந்து மணி ஓய்ந்ததே இல்லை. பார்க்கிங் சண்டை என்றால் அவன். தொலைந்த போன் என்றால் அவன். பாஸ்போர்ட் படத்துக்குக் கையெழுத்து என்றால் அவன். இரவு ஷிப்ட் செய்துவிட்டு வந்து கண்ணை மூடினால் மணி. வெளியே காரைப் பார்க்கிறவர்கள், பொலிஸ் இருக்கிறது என்று அடிக்கிறார்கள்; உள்ளே கைக்குழந்தையோடு, அப்போது அதற்கு மூன்று மாதம், ஒரு மனுஷன் இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு நாள் தொடர்ந்து வேலை செய்து வந்த விடுமுறை. குழந்தை அப்போதுதான் தூங்கியது. போனில் வாசல் கமராவின் சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தான். குலசேகரம் அங்கிள். முதல் நாள் மாலைதான் யாரோ தன் வாசலை மறித்து வான் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல வந்திருந்தார்.

"திரும்ப வானுக்குத்தான் வந்திட்டார் எண்டு நினைச்சன் அன்ரி. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் போனைக் கவிட்டு வைச்சன்."

வாசல் மணியின் ஒலியைத் தாரிணி ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தாள். அவர் கதவைத் தட்டியதும் கேட்டதாம். கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடுவார் என்று படுத்திருந்தானாம். அம்புலன்ஸ் சைரன் தெருவுக்குள் வந்தபோதுதான் எழும்பி ஓடினான்.

சமையலறை வாசலில் தாரிணி குழந்தையோடு நின்றாள். மணியை அடைத்து வைத்தது நான்தான் என்றாள், யாரும் கேட்காமலே. அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. இந்த ஏழு மாதமும் அவர்கள் இருவரும் இதைப் பற்றித் தங்களுக்குள்கூடப் பேசவில்லை என்பது அந்த ஒரு வசனத்திலேயே தெரிந்தது.

கமராப் பதிவு இருக்கிறதா என்று செல்வமலர் கேட்டாள். இருந்தது. கமராவைக் கழற்றி எறிந்தவனுக்கு, அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. போனைத் திறந்து கொடுத்தான். தான் ஒரு தரமும் முழுதாகப் பார்த்ததில்லை என்றான்.

செல்வமலர் அதை ஓடவிடவில்லை. படத்தின் மூலையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தாள். பிறகு போனை மாதவனிடம் நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு, "ஐயோ" என்றான் மெல்ல.

ஒரு நிமிடம் நாற்பது செக்கன்.

"அவர் பத்து நிமிசம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்," என்றாள் செல்வமலர். "பத்து நிமிசம் நிண்டு மனுசியைச் சாகவிட்டிட்டன் எண்டு ஏழு மாசமாத் தன்னைத்தானே தின்னிறார். இது உங்கட கையிலை இருந்திருக்குது."

யனுஷன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் இதை ஒளித்தது தன் வெட்கத்தை மறைக்க. அதற்குள் அந்த மனிதருக்கு வேண்டியிருந்த ஒரேயொரு உண்மையும் அகப்பட்டுக் கிடந்ததை அவன் யோசித்ததே இல்லை.

அவனை யாரும் போகச் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவனாகவே எழும்பி, போனை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தான். செல்வமலரும் மாதவனும் பின்னால் போய் வாசல் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

*

குலசேகரம் வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டார். யனுஷன் எதையும் மறைக்கவில்லை. உள்ளேதான் இருந்தேன், உங்கள் முகத்தைப் பார்த்தேன், போனைக் கவிழ்த்து வைத்தேன் என்று சொன்னான். திங்கட்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லிக் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான்.

"காரைக் குடுத்தால் என்ன, விட்டால் என்ன," என்றார் குலசேகரம்.

அவர் போனை வாங்கிப் பதிவைப் பார்த்தார். தெருவில் நின்றவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் மூச்சிரைப்பு. பிறகு தட்டும் ஒலி. பிறகு, "தம்பி, தம்பி, அன்ரி விழுந்திட்டா" என்று அவருடைய குரல், நாலு தரம், ஐந்து தரம். பிறகு ஓடும் காலடி. அதோடு முடிந்தது. மாதவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டார் குலசேகரம்.

ஓம் என்றான் யனுஷன். ஒரு நிமிடம் நாற்பது செக்கன். கடந்து வந்ததையும் திரும்பப் போனதையும் சேர்த்தால் இரண்டு நிமிடம் இருக்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில் அஜித்தா பிழைத்திருப்பாளா என்று அங்கே நின்ற ஒருவராலும் சொல்ல முடியாது. எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. குலசேகரம் அதைக் கேட்கவும் இல்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். அவருடைய தோள்கள் ஆடின.

"ஏழு மாசம்," என்றார் கடைசியில். "நான் உங்கட கையைப் பிடிச்சு நன்றி சொன்னனான். அண்டைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். கோவிச்சிருப்பன். ஆனா இந்த ஏழு மாசத்தையும் எனக்கு விட்டிருப்பியள்."

யனுஷன் போனைக்கூடத் திருப்பி வாங்காமல் படியிறங்கினான்.

"தம்பி."

அவன் நின்றான்.

"அண்டைக்கு அம்புலன்ஸ்காரர் என்னை வெளியிலை விட்டிட்டினம். குசினிக் கதவைச் சாத்திப்போட்டினம். நீங்கள்தான் அவளுக்குப் பக்கத்திலை இருந்தனீங்கள்." குலசேகரம் போனைத் திருப்பி நீட்டினார். "கடைசியா எப்பிடி இருந்தவள் எண்டு நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. கேக்கப் பயம்."

"என்ர கையை அவவின்ர நெஞ்சிலை வைச்சுக்கொண்டுதான் இருந்தனான் அங்கிள்," என்றான் யனுஷன். "சூடா இருந்தவ. தனிய விடேல்லை. அவை போதும் எண்டு சொன்ன பிறகும் நான் கையை எடுக்கேல்லை."

தெருவில் ஒரு பஸ் திரும்பிப் போனது. மாணவர் வீட்டில் யாரோ யன்னலைத் திறந்தார்கள்.

குலசேகரம் கதவை அகலத் திறந்தார்.

"உள்ளுக்கு வந்து இருந்து சொல்லுங்கோ," என்றார்.